அது எங்கடை பாஷை இல்லை, தம்பி

தம்பி,

நீ அனுப்பிய கல்யாணப் பேச்சைக் கேட்டேன். கைப்பேசியை அரிசிப் பேணியில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். ஆகவே எனக்குக் கண்ணீர் வந்ததை உன் பேச்சின் வெற்றியாக எடுத்துக்கொள்ளாதே. கடைசியில், "எப்பிடி அம்மா, நல்லா இருக்கோ?" என்று கேட்டிருந்தாய். நல்லாக இல்லை. அதை அப்படியே நீ மண்டபத்தில் பேசினால், நான் பந்தி முடியும்வரை காத்திருக்கமாட்டேன். கட்டின சேலையோடு எழுந்து மெத்ரோ ரயிலுக்கு நடந்துவிடுவேன். மாப்பிள்ளையின் தாய் எங்கே என்று கேட்கிற சனத்துக்கு நீயே நின்று பதில் சொல்லிக்கொள்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "ஓகே அம்மா, பேந்து கதைப்பம்" என்பாய். உன்னுடைய பேந்து இதுவரை ஒருநாளும் வந்ததில்லை. பிரெஞ்சில் எழுதலாம் என்றால், என்னுடையது கார்தெரியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுப் பழகிய பிரெஞ்சு. சூப்பைக் குடி, கையைக் கழுவு என்பதற்கு மேல் அது போகாது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ எழுத்துக்கூட்டும் மட்டுக்கும் படித்தாய். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன் ஒரு வரியையும் தாண்டிப் போகமுடியாது, எனக்கும் அதுதான் வேண்டும். இதை நம்முடைய சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். கல்யாணத்துக்கு வருகிற நம்முடைய வில்லரேப் பக்கத்துச் சனம் முழுக்க முதலிலேயே வாசித்துவிட்டு வரட்டும். உனக்குக் கோபம் வரும். வரட்டும், உன் அப்பா செத்த பிறகு இந்த வீட்டில் கோபப்படுவதற்கு ஆள் குறைவாகத்தான் இருக்கிறது.

உன் பேச்சில் என்ன இருக்கிறது? நாடில்லாத இரண்டு சனம். ஒரே கண்ணீர், ஒரே போராட்டம், அண்ணன் தம்பி. உன் அப்பா இருபது வயதில் லெபனானுக்குப் போய்ப் பலஸ்தீன இயக்கத்தின் முகாமில் ஆயுதப் பயிற்சி எடுத்தார். இன்றைக்கு அவருடைய மகன் பலஸ்தீனப் பெண்ணைக் கட்டுகிறான். ஆகவே வட்டம் பூர்த்தியாகிவிட்டது. நடுவில் சனத்தைச் சிரிக்கவைக்க அப்பாவின் 'ஓம்' கதை. பயிற்சி கொடுத்தவர் "விளங்கிச்சுதோ?" என்று கேட்கும்போதெல்லாம் நம்முடைய பெடியள் வரிசையில் நின்று "ஓம்! ஓம்!" என்று கத்தினார்களாம். அரபியில் 'உம்' என்றால் தாய். துவக்குப் பிடிக்க வந்தவங்கள் ஏன் எடுத்ததுக்கெல்லாம் தாயைக் கூப்பிடுகிறாங்கள் என்று அந்த மனிசன் விழுந்து விழுந்து சிரித்தாராம். அதுக்குப் பிறகு முகாம் முழுக்க அவர்களுக்குப் பெயர் அம்மாபிள்ளைகள். இந்தக் கதையை நீ மேடையில் சொன்னால் இரண்டு பக்கத்துச் சனமும் கைதட்டும். தட்டட்டும், அது உண்மைக் கதைதான்.

ஆனால் உன் அப்பா அந்தக் கதையை எப்போதும் முகாமிலேயே நிறுத்திவிடுவார். மிச்சத்தை நான் சொல்கிறேன். ஊருக்குத் திரும்பிக் கொஞ்சக் காலத்திலேயே அவருடைய இயக்கத்தை நம்முடைய இன்னொரு இயக்கம் தெருத்தெருவாகச் சுட்டு முடித்தது. லெபனானில் படித்த வித்தையைக் காட்ட அவருக்கு எதிரி கிடைக்கமுதல் சொந்தக்காரன் வந்துவிட்டான். வேலி பாய்ந்து ஓடி, பொய்ப் பாஸ்போர்ட்டில் மொன்றியாலுக்கு வந்து, பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வாளிக்குக் கைபிடி போட்டார். அந்த முகாமில் படித்ததில் மிஞ்சியது சத்தமில்லாமல் நடப்பது மட்டும்தான். அதை வைத்து நான் ஒளித்துவைத்த பயற்றம்பணியாரத்தைத் திருடினார். நாற்பது தாண்டியதும் சங்கத்துக் கிழவர்களோடு சேர்ந்துகொண்டு, "யூதரைப் பார், பாலைவனத்திலை ஒரு நாட்டைக் கட்டிப்போட்டாங்கள், எங்கடை சனத்திட்டை அந்த ஒற்றுமை இல்லை" என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். தின்றது யார் வீட்டுச் சோறு, புகழ்வது யாரை என்று ஒருநாள் கேட்டேன். "அது வேறை, இது வேறை" என்றார். உன்னுடைய பூர்த்தியான வட்டத்தில் இதையெல்லாம் எங்கே வைப்பாய்?

போன வசந்தத்தில் என்னைப் பெண்வீட்டுக்கு முதல்முறை கூட்டிக்கொண்டு போனாய். நீ இருக்கிற புரோசார்ட்டில் இருந்து காரில் வந்து, லொங்குய்ய் மெத்ரோ வாசலில் என்னை ஏற்றினாய். வழி முழுக்க, "தகப்பன் பெரிய ஆள் அம்மா, இயக்கத்தின்ரை வெளிநாட்டு வேலையெல்லாம் பாத்தவர்" என்றாய். எந்த நாட்டில் பார்த்தார் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கையில் வடைப் பெட்டியோடு அந்த வீட்டுப் படியில் ஏறினேன். கதவைத் திறந்தவள் ஹனான். மருமகளாக வரப்போகிற பிள்ளையை அப்போதுதான் முதன்முதலில் நேரில் பார்க்கிறேன். நல்ல வடிவான பிள்ளை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவள் நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கையையும் குவித்து, தலையைக் குனிந்து, வெகு பணிவாக, "ஆயுபோவன், அம்மா" என்றாள்.

நீ எனக்குப் பின்னால் நின்று சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாய். முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களோ அம்மா, ஹனானுக்கு எங்கடை பாஷை கொஞ்சம் தெரியும்!"

தம்பி, அது எங்கடை பாஷை இல்லை. அது சிங்களம். முப்பது தாண்டிய பிறகும், வாரம் தவறாமல் அடுத்தவர் நாட்டுக்காகத் தெருவில் கத்துகிற உனக்கு, உன் தாயின் மொழி எது, அந்தத் தாயை வீட்டைவிட்டுத் துரத்திய அரசாங்கத்தின் மொழி எது என்று தெரியவில்லை. சிங்களத்தின் மேல் எனக்கு வெறுப்பில்லை. அதுவும் ஒரு தாயின் மொழிதான். ஆனால் அந்தச் சொல்லை நான் கடைசியாக நேரில் கேட்டது ஆனையிறவுச் சோதனைச் சாவடியில். என் தம்பி குணனை வெயிலில் முழங்காலில் நிறுத்திவிட்டு, ஒரு இராணுவத்தான் துவக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் கை குவித்துச் சொன்னான். உனக்கு நீண்ட ஆயுள் உண்டாகட்டும் என்று அதுக்குப் பொருள். லொங்குய்யில் அந்தக் கதவு நிலையில் அதே சொல் அதே கும்பிடோடு வந்தது. வடைப் பெட்டியை விழுத்தாமல் அவளிடம் கொடுத்தேன், சிரித்தேன். உன்னைத் திருத்தவில்லை. உன்னுடைய பூரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசைப்பட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

வெகுதூரம் போனது. மேசையில் ஹனான் தானே சொன்னாள், தான் பிறந்தது கொழும்பில் என்று. தகப்பன் அங்கே அவர்களுடைய இயக்கத்தின் அலுவலகத்தில் சின்ன வேலையில் சேர்ந்து, பிறகு தலைமை அதிகாரியாகவே இருந்திருக்கிறார். வீட்டில் சமைத்த சிங்களப் பெண்ணிடம் கொஞ்சம் மொழி பழகியிருக்கிறாள். உன்னைப் பார்த்ததும், நீயும் அந்தத் தீவுக்காரன், ஆகவே உன் மொழியும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். நீயும் தலையை ஆட்டியிருக்கிறாய். பிறகு கண்ணை விரித்துக்கொண்டு சொன்னாள்: போர் முடிந்த அன்று தனக்குப் பதினைந்து வயது, தெருவெல்லாம் வெடி கொளுத்தினார்களாம், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்களாம். "கிரிபத்! எனக்கு அவ்வளவு பிடிக்கும். கல்யாணத்துக்கு அதைச் செய்விப்பமா, உங்கள் நாட்டு ஞாபகமாக?" நீ "சூப்பர் ஐடியா" என்றாய். தம்பி, அந்தப் பாற்சோறு உன் மாமன் செத்ததுக்குக் காய்ச்சினது. நீ அதைக் கல்யாணப் பந்தியில் போடச் சம்மதித்துவிட்டு அடுத்த இனிப்பை எடுத்து வாயில் போட்டாய்.

சம்பந்தியார் மட்டும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது. புகை பிடிக்க என்று பின்வளவுக்குப் போனார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். வேலிக் கரையில் பனி கறுத்துக் கிடந்து உருகிக்கொண்டிருந்தது. அவர் பேசியது ஆங்கிலம். என் வாய்க்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

"உங்கடை ஊர் யாழ்ப்பாணமோ?" என்று கேட்டார்.

"ஓம். என்ரை மனிசன் உங்கடை முகாமிலை பயிற்சி எடுத்தவர். தெரியும்தானே?"

"மருமகன் சொன்னவர். அந்தக் காலத்திலை நாங்கள் எல்லாருக்கும் கதவைத் திறந்து வைச்சிருந்தம். ஐரோப்பாவிலையிருந்து வந்தாங்கள், ஜப்பானிலையிருந்து வந்தாங்கள், உங்கடை பெடியளும் வந்தாங்கள். உலகத்திலை எந்த மூலையிலை புரட்சி நடந்தாலும் அதுக்கு நாங்கள்தான் தாய்வீடு எண்டு நினைச்சம். அதுதான் எங்கடை வெளிநாட்டுக் கொள்கை. பேந்து பெய்ரூத்திலையிருந்து எங்களைக் கப்பலிலை ஏத்தி அனுப்பினாங்கள். அந்த நேரம் எங்களைக் காப்பாத்த ஒரு அரசாங்கம் வரேல்லை. துவக்குக் குடுத்துத் தேடின சிநேகிதம் துவக்கோடையே போச்சுது. அதுக்குப் பிறகு எங்களுக்கு வேண்டியிருந்தது உலக நாடுகளின்ரை சபையிலை கையுயர்த்திற நாடுகள். கொழும்பு எப்பவும் எங்களுக்குக் கையுயர்த்தினது, மேடம்."

"அதே கொழும்புக்கு உங்கடை எதிரியின்ரை ஆக்களும் வந்து ஆமிக்குப் பயிற்சி குடுத்தவங்கள். அதைக் கண்டனீங்களோ?"

"கண்டம். கண்டனம் தெரிவிச்சம். பேந்து அவங்கள் வைச்ச தேநீர் விருந்துக்கும் போனம்."

"அப்ப நாங்கள்?"

சிகரெட்டின் சாம்பலைத் தட்டிவிட்டுச் சொன்னார். "நீங்கள் உள்நாட்டு விவகாரம்."

நான் வாழ்க்கையில் எத்தனையோ வசை கேட்டிருக்கிறேன். இவ்வளவு மரியாதையான வசையைக் கேட்டதில்லை. அவர் அதை விளக்கினார். ஜோர்தானில் இருந்தபோது அந்த வீட்டுச் சண்டையில் தலையைக் கொடுத்து அடிவாங்கினார்களாம், லெபனானில் திரும்பவும் கொடுத்து வாங்கினார்களாம். இனி இருக்கிற வீட்டுச் சண்டையில் தலையிடுவதில்லை என்று முடிவெடுத்தார்களாம். பிறகு குவைத். அவருடைய சொந்தத் தமையன் அங்கே பொறியியலாளர். அயல்நாட்டுக்காரன் குவைத்துக்குள் படையோடு புகுந்தபோது, இவர்களுடைய தலைவர் போய் அவனைக் கட்டிப்பிடித்தார். படை திரும்பிப் போனதும் குவைத்தில் இருந்த பலஸ்தீனச் சனமெல்லாம் அந்தக் கட்டிப்பிடிப்புக்கு விலை கொடுத்தது. தமையன் பெட்டியோடு தெருவுக்கு வந்தார். "அண்டைக்குத்தான் யோசிச்சன். இனி ஆர் கதிரையிலை இருக்கிறானோ அவனுக்கு வணக்கம். எனக்கு நாடு இல்லை, மேடம். நாடு இருக்கிறவன்தான் நியாயம் பாக்கலாம்."

நாடில்லாத இயக்கம் கல்யாண வீட்டுக்கு வந்த ஏழை உறவுக்காரன் மாதிரி, தம்பி. பந்தியில் எவனுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கிறதோ அவனோடு சிரித்துப் பேசவேண்டும். அவன் பின்வளவில் யாரைப் போட்டு அடிக்கிறான் என்று கேட்டால் இலை பறிபோகும். இது விளங்காத அளவுக்கு நான் மொக்கு இல்லை. விளங்கியது. விளங்கியபடியால் கோபம் குறையவில்லை.

"போர் முடிஞ்சதுக்கு அணிவகுப்பு வைச்சாங்களே, போனீங்களோ?" என்று கேட்டேன்.

"போனன். வெளிநாட்டுப் பிரதிநிதியளுக்கெண்டு வரிசை. சரியான வெயில். எங்களுக்குக் குடை தந்தவங்கள்."

குடை. என் தம்பி குணன் கடைசியாக இருந்த இடத்தில் பதுங்குகுழிக்கு மூடப் பலகை இல்லை, சேலையை விரித்துக் கட்டியிருந்தார்கள். நான் சம்பந்தியாரிடம் அதைச் சொல்லவில்லை. அதைவிடக் கொடுமையாக ஒன்றைச் சொன்னேன். "உங்களுக்குக் குடை பிடிச்ச அந்தச் சிநேகிதரின்ரை நாட்டுப் பெடியள் இப்ப எங்கை வேலைக்குப் போறாங்கள் தெரியுமோ? யூதரின்ரை நாட்டிலை உங்கடை ஆக்களை வேலையாலை நிப்பாட்டின இடங்களுக்கு. அதே தோட்டத்துக்கு, அதே கட்டடத்துக்கு. கொழும்பிலை வரிசையிலை நிண்டு பிளேன் ஏறுறாங்கள்." அவருடைய தங்கை வீடு காசாவில் இடிந்து, அதுக்குள் இருந்தவர்களை இன்னும் எடுக்கவில்லை என்று நீ எனக்கு முதலே சொல்லியிருந்தாய். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். "ஓம், தெரியும்" என்றார் அந்த மனிசன். எரிந்து முடியாத சிகரெட்டைக் கீழே போட்டார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. மறைக்கமாட்டேன், வடை நல்லாக வந்த நாள்களில் வருகிற சந்தோசம் மாதிரி முழுசாக இருந்தது.

அவர் அதை அப்படியே விடவில்லை. விட்டிருந்தால் நான் அவரை மதித்திருக்கமாட்டேன். சிகரெட்டைச் சப்பாத்தால் மிதித்துவிட்டுக் கேட்டார்: "உங்கடை ஊரிலையிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேத்தினது ஆர்?" கொழும்பில் அவருடைய அலுவலகத்துக்கு அப்போது ஒரு தையல்காரர் வந்தாராம். யாழ்ப்பாணத்து முஸ்லிம். ஒரு சின்னப் பையோடு வந்து நின்று, 'துவக்கு வைச்சுக்கொண்டு எங்களைப் போகச் சொன்னவங்கள், உங்களிட்டைப் படிச்சவங்கள்தானோ?' என்று கேட்டாராம். "நான் அவருக்குத் தேத்தண்ணி குடுத்தன். வேறை என்ன குடுக்கிறது? ஆரின்ரை ஊரையும் பறிச்சு ஆரையும் துரத்திறது எப்பிடியெண்டு நாங்கள் முகாமிலை படிப்பிக்கேல்லை, மேடம். அது உங்கடை ஆக்களுக்கு முதலே தெரிஞ்சிருந்தது."

அதைச் செய்தது உன் அப்பாவின் இயக்கம் இல்லை. அவரை வேலி பாயவைத்த மற்ற இயக்கம். அப்படிச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அந்தச் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நம்முடைய சின்ன வீட்டில் அப்பாவின் கூட்டாளிகள் சுற்றிவர இருந்து, "வேறை வழியில்லை, பாதுகாப்புப் பிரச்சினை" என்றார்கள். உன் அப்பாவும் தலையாட்டினார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். சீனி காணுமோ என்று கேட்டேன். அந்தத் தையல்காரருக்குக் கொழும்பில் ஒரு கோப்பை, அவரைத் துரத்தியதுக்கு நியாயம் சொன்னவர்களுக்கு மொன்றியாலில் ஒரு கோப்பை. அந்த வளவில் நின்ற எங்களை ஹனானின் தாய் யன்னலைத் தட்டி, கோப்பி ஆறுகிறது என்று கூப்பிட்டா. உள்ளே போனோம். நீ எங்கள் இரண்டுபேரையும் சேர்த்துப் படமெடுத்தாய். அந்தப் படத்தைத்தான் அழைப்பிதழில் போட்டிருக்கிறாய், 'இரு தேசங்களின் நட்பு' என்று.

இனிக் குணனைப் பற்றி. உன் பேச்சில் உன் மாமன் ஒரு வரிகூட இல்லை, அதனால் நான் சொல்லவேண்டியிருக்கிறது. அவன் எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை. கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுத்தவன். போரின் அந்தக் கடைசி மாதங்களில், எங்கோ கடற்கரையில் யாருடையதோ தொலைபேசியில் இருந்து ஒருமுறை எடுத்தான். காசு கேட்கவில்லை, கனடாவுக்கு எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. "அக்கா, வெளியிலை ஆரும் எங்களைப் பற்றிக் கதைக்கினமோ?" என்று மட்டும் கேட்டான். நான் "ஓம்" என்றேன். "ஓம் குணன், எல்லாரும் கதைக்கினம், எல்லா நாடும் கதைக்குது" என்றேன். யாரும் கதைக்கவில்லை. பிறகு ஒரு சபையில் கதைத்தார்கள். கதைத்து, அந்த அரசாங்கத்தைப் பாராட்டிக் கையுயர்த்தினார்கள். பலஸ்தீனத்துக்கு உயர்ந்த பல கைகள் அதுக்கும் உயர்ந்தன.

அந்த நாள்களில் நாங்கள் இங்கே நகரத்து நடுவில் குளிரில் நின்று கத்தினோம். உன்னையும் ஒருநாள் இழுத்துக்கொண்டு போனேன். மாமனின் படத்தோடு ஒரு பதாகையை உன் கையில் கொடுத்தேன். மெத்ரோவில் உன் பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் ஏறியதைக் கண்டதும், அதைச் சுருட்டி இருக்கைக்குக் கீழே தள்ளினாய். இறங்கும்போது எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது கழுத்தில் கட்டம்போட்ட சால்வையோடு ஒவ்வொரு வாரமும் ஊர்வலம் போகிறாய். போ. அங்கே சாகிற பிள்ளைகளுக்காகக் கத்தாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, நானும் உன்னோடு வந்து கத்தியிருக்கிறேன். ஆனால் அந்த மெத்ரோ இருக்கைக்குக் கீழே போட்ட மனிசனைத் தாண்டிக்கொண்டு போய், மேடையில் ஏறி, 'எங்கள் போராட்டம்' என்று சொல்லாதே. உனக்கு எங்கள் போராட்டம் தெரியாது. உனக்கு எங்கள் பாஷையே தெரியாது.

நான் உனக்குச் சொல்ல வந்த புத்தி சின்னது. ஹனானைக் கட்டு. இரண்டு தேசத்தைக் கட்டாதே, தேசங்கள் ஒன்றையொன்று விற்கும், விற்றுவிட்டுக் குடை வாங்கும். இயக்கங்களுக்கு வெளிநாட்டுக் கொள்கை வேண்டியிருக்கிறது, சம்பந்தியார் சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஒரு வீட்டுக்கு அது வேண்டாம். எந்த மேசையில் இருக்கிறாயோ அந்த மேசைக்குப் பிடித்ததைப் பேசுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. அது நல்ல குணம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் பெருமைப்பட்டேன். இந்தப் பேச்சிலும் அதைத்தான் செய்திருக்கிறாய். இரண்டு பக்கத்துக் கைதட்டலுக்காக மாமனை விட்டுவிட்டாய், அந்தத் தையல்காரரை விட்டுவிட்டாய், சம்பந்தியாரின் தமையனையும் விட்டுவிட்டாய். நாளைக்கு ஒரு மேசையில் ஹனானையும் விடுவாய். அவளுக்கு அதை நான்தான் சொல்லி வைக்கவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி. பெண்வீட்டுக்குப் போன அந்த நாள் கழிந்து இரண்டு நாளில் என்னைத் தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டாள். தகப்பனிடம் எல்லாம் கேட்டுவிட்டாள். அழுதுகொண்டே, "நான் அதைச் சாப்பிட்டிருக்கக் கூடாது, இல்லையா?" என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளை தெருவில் கொடுத்ததை வாங்கித் தின்றதுக்கு நான் யாரைக் கோபிக்க? "இனித் தின்னாதை" என்றேன். பிறகு உங்கள் மொழியில் எப்படி வணக்கம் சொல்வது என்று கேட்டாள். இப்போது என்னைக் கண்டால், "சுகமா இருக்கிறீங்களோ மாமி?" என்கிறாள். 'மாமி' மட்டும் இன்னும் கொஞ்சம் அரபியாக இருக்கிறது. கேட்கத் தெரிந்தவள் அவள். நீ இன்றுவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நல்லா இருக்கோ என்பதைத் தவிர.

ஆகவே அந்தப் பேச்சைக் கிழித்துப்போடு. 'ஓம்' கதையைச் சொல், சிரிக்கட்டும். அதோடு மைக்கைக் கீழே வை. பாற்சோற்றை நானே சமையல்காரரிடம் சொல்லி நிறுத்திவிட்டேன். தலைப்பாகை உனக்குக் குணன் கட்டவேண்டியது, தாய்மாமன் அவன்தான். அவனுடைய இடத்தில் வேறு யாரையும் நிறுத்த எனக்கு மனமில்லை. கடையில் தைத்து விற்கிற தலைப்பாகை ஒன்றை வாங்கியிருக்கிறேன், தொப்பி மாதிரி நீயே எடுத்து வைத்துக்கொள். அப்படிச் செய்தால் நான் வருவேன். பட்டுச் சேலை கட்டி, மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பேன். ஹனானின் தாயைக் கட்டிப்பிடிப்பேன், காசாவில் போனவர்களுக்காக அவவோடு சேர்ந்து அழவும் என்னால் முடியும். பிறகு சம்பந்தியார் வருவார். பன்னீர் தெளிப்பேன், சந்தனம் கொடுப்பேன். கொடுத்துவிட்டு இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் குவித்து, தலையைக் குனிந்து, "ஆயுபோவன்" என்பேன். அவருக்கு விளங்கும். அவருக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும், எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு வெகுகாலம் இருக்கட்டும். நீ எனக்குப் பக்கத்தில் மாலையோடு நிற்பாய். அப்போது ஒரு உதவி செய். பக்கத்தில் நிற்கிற யாரிடமும் குனிந்து, அம்மா எங்கடை பாஷையில் வரவேற்கிறா என்று சொல்லிவிடாதே.

உன்னைப் பெற்றவள்